வேட்டை வில்லின் அம்புத்தாங்கி எழுப்பும் ஓசையைக் குறைப்பது எப்படி

வேட்டை வில்லில் ஓசை எழுப்பும் உறுப்புகள் பல உண்டு. நாண், லிம்ப்கள் எனப்படும் வளையும் கைகள், கேபிள்கள், குறிபார்க்கும் கருவி, அம்புக்கூடு என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அதிரும். ஆனால் இவை பெரும்பாலும் அம்பு புறப்படும்போதுதான் குரல் கொடுக்கும். ஆரோ ரெஸ்ட் என்று வழங்கப்படும் அம்புத்தாங்கி மட்டும் இரண்டு முறை சத்தமிடக்கூடியது: நாணை இழுக்கும்போது ஒரு முறை, விடும்போது மற்றொரு முறை. இவ்விரண்டு ஓசைகளுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல், கையில் கிடைத்த துணியைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிவிட்டு, ஓசை குறையவில்லையே என்று வருந்துபவர்களே அதிகம்.

இரண்டில் எதை முதலில் கவனிப்பது என்று கேட்டால், இழுக்கும்போது எழும் ஓசையைத்தான் என்று தயங்காமல் சொல்வேன். அந்த நேரத்தில் விலங்கு அமைதியாக நின்றுகொண்டிருக்கிறது. அம்போ இன்னும் வில்லில்தான் இருக்கிறது. வெற்று உலோகத்தின் மேல் கார்பன் தண்டு உரசி எழுப்பும் சிறு கீச்சொலி காட்டில் இயல்பாகக் கேட்கும் எந்த ஒலியையும் ஒத்திருப்பதில்லை. இலைச் சலசலப்பையோ சுள்ளி முறிவதையோ பொருட்படுத்தாத மான்கூட அந்த ஒலிக்குத் தலை தூக்கிவிடும். தலை தூக்கிய பிறகு மீதி இழுப்பை முடிக்க வழியில்லை.

விடும்போது எழும் ஓசையையும் புறக்கணிக்க முடியாது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வேட்டைக்குரிய காம்பவுண்ட் வில்லின் (சக்கரங்களும் கேபிள்களும் கொண்ட வில்லின்) அம்போ நொடிக்கு 80 மீட்டர் அளவில் செல்கிறது. 25 மீட்டர் தொலைவில் நிற்கும் விலங்கை ஒலி 0.07 நொடியில் எட்டுகிறது, அம்பு 0.31 நொடியில் எட்டுகிறது. இடைவெளி கிட்டத்தட்ட கால் நொடி. அந்தக் கால் நொடியில் 0.1 நொடியை விலங்கு திடுக்கிடுவதற்கே எடுத்துக்கொண்டாலும், மீதி நேரத்தில் கால்களைத் தளர்த்தித் தன் எடையாலேயே தாழும் உடல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழிறங்கிவிடும். சரியாகக் குறிபார்த்து விட்ட அம்பு முதுகை உராய்ந்து போவதும், இன்னும் மோசமாக விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடுவதும் இப்படித்தான் நிகழ்கின்றன. ஆகவே சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் பருவத்தில் வேட்டைக்குச் செல்பவருக்கு ஓசையைக் குறைப்பது வசதி சார்ந்த விஷயம் மட்டுமன்று.

ஓசை பிறக்கும் இடத்தைக் கண்டறிதல்

துணியையும் பசையையும் எடுப்பதற்கு முன் காதைப் பயன்படுத்துங்கள். சத்தமில்லாத அறை ஒன்றில் வில்லை இடது கையில் பிடித்துக்கொண்டு, ரைசரை, அதாவது கைப்பிடி அமைந்த நடுப்பகுதியை, ஸ்க்ரூடிரைவரின் ரப்பர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தளர்ந்த பாகம் ஏதேனும் இருந்தால் தட்டலின் முடிவில் ஒரு ரீங்காரம் மிஞ்சும். அடுத்த முறை தட்டும்போது உதவிக்கு இருப்பவர் தாங்கியின் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே வரட்டும். எந்தப் பாகத்தைத் தொட்டவுடன் ரீங்காரம் நிற்கிறதோ அதுவே ஓசையின் பிறப்பிடம். கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனை பாதிச் சிக்கலை அங்கேயே தீர்த்துவிடும்.

அம்புக்கூடு, குறிபார்க்கும் கருவி, ஸ்டெபிலைசர் எனப்படும் சமநிலைத் தண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டும் தட்டிப் பாருங்கள். தாங்கியின் மேல் பழி விழும் பல வில்களில் உண்மைக் குற்றவாளி அம்புக்கூட்டின் பூட்டாகவோ குறிபார்க்கும் கருவியின் விளக்காகவோ இருக்கும்.

அடுத்து இழுப்புச் சோதனை. இதை வீட்டிற்குள் செய்யாதீர்கள். அம்பு தவறிப் புறப்பட்டாலும் அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய இலக்கு எதிரே இருக்கும் பயிற்சித் திடலில் மட்டுமே செய்யுங்கள். அம்பைப் பொருத்தாமல் வில்லை முழுவதும் இழுத்து விடுவது வில்லையே உடைத்துவிடும் என்பதால், இழுக்கும்போதெல்லாம் அம்பு இருக்கட்டும். அதன் தண்டில் விரிசல் இல்லை என்பதையும் ஒருமுறை வளைத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கேட்பவர் உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பக்கவாட்டில் முன்னே அல்ல. கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கித் தொப்பியிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு, வேட்டையில் இழுப்பதைப் போலவே மிக மெதுவாக இழுங்கள். பயிற்சியில் வேகமாக இழுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது: வேகமான இழுப்பில் கேட்காத கீச்சொலி மெதுவான இழுப்பில்தான் கேட்கும்.

அதற்குக் காரணம் உண்டு. உராயும் இரு பரப்புகள் ஒன்றையொன்று கணநேரம் பற்றிக்கொண்டு, பிறகு வழுக்கி, மீண்டும் பற்றிக்கொள்வதால் அதிர்வு பிறக்கிறது. வயலின் நரம்பை அதன் வில் பாட வைப்பதும் இதே முறையில்தான். நமது வில்லில் வயலின் நரம்பின் இடத்தில் உள்ளே வெற்றிடமான கார்பன் குழாய் இருப்பதால், சிறு அதிர்வையும் அது பெருக்கிக் காட்டுகிறது. இந்தப் பற்றல் மெதுவான நகர்வில் எளிதாக நிகழும். தண்டில் தூசியோ இலக்கின் நுரைப்பிசினோ படிந்திருந்தால் இன்னும் எளிதாக நிகழும். ஆகவே முதல் மருத்துவம் மிக எளியது: அம்பின் தண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். பலருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

இழுக்கும்போது எழும் உரசலுக்கு மருந்து

துடைத்த பின்னும் ஓசை இருந்தால், தண்டு தொடும் பரப்பை மாற்ற வேண்டும். இதற்குப் பயன்படும் பொருள்கள் நான்கைந்துதான்.

ஒட்டும் பின்புறம் கொண்ட ஃபெல்ட் துணி எங்கும் கிடைப்பது, மலிவானது, ஓசையை நன்றாக விழுங்குவது. மோல்ஸ்கின் என்று மருந்துக்கடைகளில் காலணிக் கொப்புளத்துக்காக விற்கப்படும் மெல்லிய பருத்தித் துணி அதைவிட அடர்த்தியானது. வளைவுகளில் நன்றாகப் படியும். வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம் ஃபெல்ட்டைவிடத் தேய்மானம் தாங்கும். ஆனால் சற்றுத் தடிமனானது. கவை போன்ற இரு கம்பிகளின் மேல் அம்பு அமரும் தாங்கிகளுக்கு, சூடாக்கினால் சுருங்கிப் பற்றிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாயோ டெஃப்லான் உறையோ ஏற்றது.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தொடர்பின் தன்மையைப் பொறுத்தது. அம்பு தொடர்ந்து உரசிச் செல்லும் இடத்துக்கு வழுக்கும் பொருள் வேண்டும். அம்பு வந்து மோதும் இடத்துக்கு மெத்தென்ற பொருள் வேண்டும். கவைக் கம்பிகளுக்கு டெஃப்லானையும், ஷெல்ஃபுக்கும் (கைப்பிடிக்கு மேலே ரைசரில் உள்ள திட்டுக்கும்) ரைசரின் உட்பக்கத்துக்கும் ஃபெல்ட்டையும் நான் பரிந்துரைப்பது இதனால்தான். சாதாரண ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஓரளவு ரப்பர் தன்மை கொண்டது. மோதல் ஒலியை அடக்கினாலும் சில கார்பன் தண்டுகளோடு சேர்ந்து அதுவே கீச்சிடத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் அதன் மேல் மோல்ஸ்கினின் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டுவது நல்லது.

ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கும்போது லாஞ்சரை, அதாவது அம்பை ஏந்தும் அந்தக் கவையை, வில்லிலிருந்து கழற்றி எடுத்துவிட்டே சூடாக்குங்கள். நாணும் கேபிளும் செயற்கை இழைகளால் ஆனவை. அவற்றின் மேல் படும் வெப்பம் வெளியே தெரியாமலேயே அவற்றைப் பலவீனப்படுத்தும். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு பெரும்பாலும் போதும், தீக்குச்சியும் லைட்டரும் தேவையில்லை. குழாயைக் கம்பியின் நுனிக்கு அப்பால் இரண்டு மில்லிமீட்டர் நீளவிட்டுச் சுருக்கினால் நுனியின் கூர்விளிம்பும் மூடப்படும். அந்த விளிம்புதான் தண்டைக் கீறி ஒலி எழுப்பும் இடம்.

ஷெல்ஃபில் துணி ஒட்டுவதில் அவசரம் கூடாது. பரப்பை ஆல்கஹாலால் துடைத்து முற்றிலும் உலரவிடுங்கள். ரைசர் குளிர்ந்திருந்தால் பசை பற்றாது என்பதால் அறையின் வெப்பநிலைக்கு அது வந்த பிறகே ஒட்டுங்கள். முதலில் காகிதத்தை அந்த இடத்தில் வைத்து அழுத்தி, விளிம்பின் தடத்தைப் பதித்து, அந்த அச்சைக் கொண்டு துணியை வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுவது அழகுக்காக அன்று. கூரான மூலைதான் முதலில் உரிந்து எழும். எழுந்த மூலை அம்பின் வால்சிறகில் சிக்கும். ஒட்டிய பிறகு விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு ஒரு முழு நாள் வில்லைத் தொடாமல் வைத்தால் பசை இறுகும். நான் முதன்முதலில் ஒட்டிய ஃபெல்ட் அன்று மாலையே நான்காவது அம்போடு சேர்ந்து இலக்கை நோக்கிப் பறந்தது. பொறுமையின்மைக்கு அதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

துணியை ஷெல்ஃபில் மட்டும் ஒட்டி நிறுத்திவிடாதீர்கள். கையுறை அணிந்த விரல்களோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு, இருட்டில் அம்பைப் பொருத்தும்போது தண்டு ரைசரின் பக்கச் சுவரில் தட்டும். குறிபார்க்கும் கருவியின் அடிப்புறத்திலும் தட்டும். கண்ணை மூடிக்கொண்டு, முனை பொருத்தாத அம்பைப் பத்து முறை பொருத்திப் பாருங்கள். எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கெல்லாம் துணி வேண்டும்.

விழும் வகைத் தாங்கிகள்

இன்று காம்பவுண்ட் வில்களில் பரவலாகக் காணப்படுவது, அம்பு புறப்பட்டவுடன் லாஞ்சர் கீழே விழுந்து வால்சிறகுகளுக்கு வழிவிடும் டிராப் அவே வகைத் தாங்கி. துல்லியத்துக்கு நல்லது, ஆனால் அசையும் பாகங்கள் இருப்பதால் ஓசைக்கும் இதில் வாய்ப்பு மிகுதி. இதில் இரு பிரிவுகள் உண்டு. அவற்றின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் கயிற்றை இறுக்குவதும் தளர்த்துவதும் இருட்டில் துழாவுவதற்கு ஒப்பாகும்.

கேபிளால் இயங்கும் வகையில், இழுக்கும்போது கீழ்நோக்கி நகரும் கேபிளோடு தாங்கியின் கயிறு பிணைக்கப்பட்டிருக்கும். நாணை இழுக்க இழுக்கக் கேபிள் கயிற்றை இழுத்து லாஞ்சரை உயர்த்தும். விட்டவுடன் கயிறு தளர, ஸ்பிரிங் லாஞ்சரைக் கீழே தள்ளும். லிம்பால் இயங்கும் வகையில் எல்லாம் தலைகீழ். இங்கே ஸ்பிரிங் லாஞ்சரை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வில் ஓய்வில் இருக்கும்போது லிம்போடு கட்டிய கயிறு அதைக் கீழே இழுத்து வைத்திருக்கும். இழுக்கும்போது லிம்ப் வளைவதால் கயிறு தளர்ந்து லாஞ்சர் எழும். விட்டவுடன் லிம்ப் பழைய இடத்துக்குத் திரும்பி லாஞ்சரைக் கீழே சுண்டும்.

இந்த வேறுபாடு ஓசையில் அப்படியே எதிரொலிக்கும். கேபிள் வகையில் இழுப்பின் பெரும்பகுதி நேரம் அம்பு ஷெல்ஃபின் மேலோ தாங்கியின் அடிப்பகுதியின் மேலோ கிடந்து பின்னோக்கி நகர்கிறது. ஆகவே அங்கே உரசல் ஒலி மிகும், துணியின் தேவையும் மிகும். கயிறு சரியான நீளத்தில் இருந்தால் இழுப்பின் கடைசி ஐந்து சென்டிமீட்டர் அளவில் லாஞ்சர் முழு உயரத்தை எட்டும். அதற்கு மிக முன்னதாகவே எட்டினால் கயிறு அளவுக்கு மீறி இறுகித் தாங்கியின் உட்பாகங்கள் முனகும், கேபிளும் பக்கவாட்டில் இழுபடும். மிகத் தாமதமாக எட்டினால் லாஞ்சர் பாதி உயரத்தில் தள்ளாடி அம்பைத் தட்டும். உங்கள் தாங்கியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

லிம்ப் வகையில் இழுக்கும் ஓசை பொதுவாகக் குறைவு, ஏனெனில் லாஞ்சர் முன்னதாகவே எழுந்து அம்பை ஏந்திக்கொள்கிறது. ஆனால் விடும்போது லிம்ப் முழு விசையோடு கயிற்றைச் சுண்டுவதால், கயிறு தேவைக்கு மேல் இறுகியிருந்தால் ‘டப்’ என்ற அழுத்தமான ஒலி எழும். லாஞ்சர் தன் கீழெல்லையைத் தொட்ட பிறகும் கயிறு அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பது அதன் பொருள். கயிற்றை மில்லிமீட்டர் கணக்கில் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓர் அம்பு எய்து கேளுங்கள். ஓசை குறையும் அதே வேளையில் லாஞ்சர் முழுவதும் கீழே இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். இறங்காவிட்டால் தளர்த்தியது அதிகம்.

இரு வகைகளிலும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. கீழே விழுந்த லாஞ்சர் மோதி, பந்து போல மீண்டும் எழும்பும். எழும்பும் நேரத்தில் அம்பின் வால்பகுதி அதைக் கடந்துகொண்டிருந்தால் வால்சிறகு லாஞ்சரில் அடிபடும். ஓசையும் எழும், அம்பின் போக்கும் கெடும். இதைத் தடுக்க லாஞ்சர் வந்து மோதும் இடத்தில் மெல்லிய, மந்தமான ரப்பர் துண்டு ஒன்றை வைக்கலாம். ‘மந்தமான’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்க்கிறேன்: அழுத்தினால் உடனே துள்ளி நிமிரும் ரப்பர் லாஞ்சரை இன்னும் உயரமாக எழுப்பும், மெதுவாக நிமிரும் வகைதான் விசையை விழுங்கும். தடிமனிலும் பேராசை கூடாது. ஐந்து மில்லிமீட்டர் மெத்தையை வைத்தால் ஓசை அழகாக அடங்கும், ஆனால் லாஞ்சரின் ஓய்வுநிலையே ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்துவிடும்; வால்சிறகு அதில் இடித்துப் புதிய ஓசை பிறக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவில் தொடங்குங்கள்.

சில தாங்கிகளில் லாஞ்சரைக் கட்டைவிரலால் மேலே தள்ளிப் பூட்டி வைக்க முடியும். அந்தப் பூட்டு விழும் ‘க்ளிக்’ ஒலி அமைதியான காலையில் நெடுந்தூரம் கேட்கும். துணி எதுவும் இதற்கு உதவாது, பழக்கம்தான் உதவும்: காத்திருக்கும் இடத்தில் அமர்ந்தவுடன், விலங்கு எதுவும் வருவதற்கு முன்பே, மறு விரலால் லாஞ்சரை எதிர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏற்றிப் பூட்டிவிடுங்கள். அம்பைச் சுற்றி மூடும் சட்டம் கொண்ட தாங்கியானால், சட்டத்தின் உட்புறம் முழுவதும் மோல்ஸ்கின் ஒட்டுங்கள். நடக்கும்போது அம்பு அதனுள் கடகடவென்று ஆடுவது பலருக்குப் பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை.

தூரிகை வளையமும் மரபு வில்லும்

விஸ்கர் பிஸ்கட் என்ற பெயரில் பலரும் அறிந்த தூரிகை வளையத் தாங்கியில் அசையும் பாகம் இல்லாததால் மோதல் ஒலி இல்லை. இழுக்கும்போது தண்டு மயிர்களுக்கு இடையே உரசி எழுப்பும் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி மட்டுமே உண்டு. அது மென்மையானது, உலோக ஒலியைப் போல விலங்கை அச்சுறுத்தாது. மயிர்கள் வளைந்து, நடுத்துளை அகன்று, அம்பு ஆடத் தொடங்கினால் தூரிகையை மாற்றிவிடுவதுதான் தீர்வு. எண்ணெய் பூசாதீர்கள், தூசியை ஈர்த்து மயிர்களை ஒட்டவைத்துவிடும்.

நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லிலும் நெடுவில்லிலும் ஷெல்ஃபே தாங்கியாக இருப்பதால் வேலை எளிது, நிறைவு அதிகம். குறுமயிர்த் தோலோ வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கமோ போதும். ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். தட்டையான ஷெல்ஃபின் நீளம் முழுவதும் அம்பு படிந்தால் உரசல் நீளும். கைப்பிடியின் ஆழமான பகுதிக்கு நேர் மேலே, துணிக்கு அடியில், தோல்பட்டை ஒன்றையோ தீக்குச்சித் தடிமனுள்ள சிறு குச்சியையோ குறுக்காக வைத்து ஒட்டினால் அந்த இடம் மேடாகும். அம்பு அந்த ஒரு மேட்டில் மட்டும் தொட்டுச் செல்லும். பக்கச் சுவரிலும் இதே போன்ற மேடு ஒன்றை, கீழே உள்ளதற்கு நேராக, அமைக்கலாம். ஷெல்ஃபிலிருந்து நேராக எய்யும் வில்லுக்குப் வேன்கள் எனப்படும் பிளாஸ்டிக் வால்சிறகுகள் பொருந்தாது. துணியில் படிந்து மடங்கிக்கொடுக்கும் பறவை இறகுகளே வேண்டும்.

திருகுகளும் இறுக்கமும்

விடும்போது எழும் ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் ஏதேனும் ஒரு திருகுதான் காரணம். தாங்கியை ரைசரோடு இணைக்கும் முதன்மைத் திருகு, இடவல நகர்வுக்கான திருகு, உயர நகர்வுக்கான திருகு, லாஞ்சரைத் தண்டோடு பிடிக்கும் சிறு திருகு என நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பல தாங்கிகளின் திருகுகள் அங்குல அளவில் அமைந்தவை. ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஆலன் சாவியை நுழைத்துத் திருகினால் திருகின் உட்குழி தேய்ந்து, பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

மீண்டும் மீண்டும் தளரும் திருகுக்கு, பின்னர் கழற்றக்கூடிய நீல நிற திரெட் லாக்கர் ஒரு துளி போதும். சிவப்பு நிறத்தது நிரந்தரப் பிடிப்புக்கானது, அதைக் கழற்ற வெப்பம் தேவைப்படும், வில்லுக்கு அது வேண்டாம். இவ்வகைத் திரவங்கள் சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் விரிசலை உண்டாக்கும் என்பதால், பிளாஸ்டிக் பாகத்தினுள் செல்லும் திருகுகளுக்குப் பூசாதீர்கள். இறுக்கிய பிறகு திருகின் தலைக்கும் அதன் அருகிலுள்ள பரப்புக்கும் சேர்த்து வெள்ளை மையால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தாங்கிக்கும் ரைசருக்கும் இடையே ரப்பர் வளையம் வைத்தால் அதிர்வு குறையும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. ரப்பர் நாளடைவில் அழுந்தும். அழுந்தினால் திருகு தளரும், தாங்கியின் இடமும் மாறும். தாங்கி உலோகத்தோடு உலோகமாக அசையாமல் அமர வேண்டும். அதிர்வை அடக்கும் பொருளை அதற்கு வெளியே வைக்க வேண்டும்.

தாங்கியில் எல்லாம் சரியாக இருந்தும் விடும் ஓசை குறையவில்லை என்றால் அம்பின் எடையையும் எண்ணிப் பாருங்கள். எடை கூடிய அம்பு வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கை எடுத்துச் செல்கிறது. வில்லில் மிஞ்சி அதிர்வாக மாறும் ஆற்றல் குறைகிறது. மிக இலகுவான அம்பை எய்யும் வில் எவ்வளவு துணி ஒட்டினாலும் ஓரளவு சத்தமிடத்தான் செய்யும்.

மாற்றிய பின் சரிபார்த்தல்

லாஞ்சரின் மேல் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துணியை ஒட்டியவர் அம்பையும் ஒரு மில்லிமீட்டர் அளவில் உயர்த்திவிட்டார். பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் அம்பின் மையமும் நகர்ந்திருக்கும். ஓசையைக் குறைத்த மகிழ்ச்சியில் இதை மறப்பவர்கள், சில நாள் கழித்துக் குறி தவறும்போது குறிபார்க்கும் கருவியைத் திருகத் தொடங்குவார்கள். அதற்குப் பதிலாக, துணி ஒட்டிய மறுநாளே நாணில் அம்பு பொருந்தும் புள்ளியின் உயரத்தை அளந்து, தாங்கியைத் தேவையான அளவு கீழிறக்கி, சட்டத்தில் விறைப்பாகப் பொருத்திய காகிதத்தின் ஊடாக இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எய்து கிழிசலைப் பாருங்கள். கிழிசல் மேலோ கீழோ பக்கவாட்டிலோ நீளாமல் ஒரே துளையாகவும் அதைச் சுற்றிச் சிறகுகளின் வெட்டாகவும் இருந்தால் அம்பு நேராகப் புறப்படுகிறது. துணி புதியதாக இருக்கும்போது மேலும் சற்று அழுந்தும் என்பதால், இருபது முப்பது அம்புகள் எய்த பிறகு மறுபடியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வால்சிறகு தாங்கியைத் தொடுகிறதா என்று அறிவதற்குத் தூள் சோதனை உண்டு. அம்பின் வால்பகுதியிலும் லாஞ்சரிலும் ஷெல்ஃபிலும் கால்களுக்கு அடிக்கும் உலர்ந்த வெண்தூளைத் தெளிப்பானால் மெல்லப் படியவிட்டு ஓர் அம்பு எய்யுங்கள். எங்கே தூள் கீறப்பட்டிருக்கிறதோ அங்கே தொடர்பு நிகழ்ந்திருக்கிறது. தெளிப்பான் இல்லையென்றால் சிறகுகளின் விளிம்பில் உதட்டுச்சாயத்தைப் பூசிவிட்டு எய்தால் அது தாங்கியில் கறையாகப் பதியும். தொடர்பு தெரிந்தால் அம்பின் நாக்கை, அதாவது நாணில் பொருந்தும் பிளவுபட்ட வால்முனையை, சில பாகைகள் சுழற்றி, சிறகுகள் லாஞ்சரைக் கடக்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் கயிற்றின் நீளத்துக்குத் திரும்புங்கள்.

கைபேசியின் மெதுவியக்கக் காணொளியையும் எடுக்கலாம், ஆனால் அதன் எல்லையை அறிந்து எடுங்கள். விட்ட கணத்திலிருந்து அம்பு நாணை விட்டுப் பிரியும் வரை ஆகும் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசி அதற்குள் மூன்று படங்கள் எடுத்தால் பெரிது. லாஞ்சர் துள்ளி எழுகிறதா என்று காண அது போதும். சிறகு தொடுகிறதா என்று காணப் போதாது. அதற்குத் தூளே நம்பகமானது.

மழையும் குளிரும்

கோடையில் சத்தமில்லாத தாங்கி கடும் குளிரில் வேறு குணம் காட்டும். ஃபெல்ட்டும் ஃபிளீஸும் நீரை உறிஞ்சும். உறைநிலைக்குக் கீழே அந்த நீர் பனிக்கட்டியாகி அம்பைத் துணியோடு ஒட்டவைத்துவிடும். அப்படிப்பட்ட அம்பை இழுக்கும்போது எழும் ‘சடக்’ என்ற ஒலியைக் கேட்டால் துணியே ஒட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றும். மழையும் உறைபனியும் எதிர்பார்க்கும் இடத்துக்குச் செல்பவர்கள், அம்பு கிடக்கும் புள்ளிகளில் ஃபெல்ட்டைத் தவிர்த்து டெஃப்லான் பட்டையைப் பயன்படுத்தலாம். வீட்டிலேயே சோதிப்பதும் எளிது: ஒட்டப்போகும் துணியின் துண்டு ஒன்றைப் பழைய உலோகத் தகட்டில் ஒட்டி, நனைத்து, அதன் மேல் ஓர் அம்புத்தண்டின் துண்டை வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் துண்டு எளிதாக எழுகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

விழும் வகைத் தாங்கியின் சுழல்தண்டில் எண்ணெய் விடுவதும் குளிரில் தீங்காகும். எண்ணெய் தடித்து, லாஞ்சர் விழுவது தாமதப்படும். உலர்ந்த கிராஃபைட் தூளோ உலர்ந்த டெஃப்லான் மசகோ மட்டும் மிகச் சிறிதளவு இடுங்கள், அதுவும் கையேடு அனுமதித்தால். பசையும் மசகும் புதிதாக இருக்கும்போது மணக்கும். காதுக்கு மறைத்ததை மூக்குக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, இந்த வேலைகளையெல்லாம் வேட்டைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகவே முடித்து வில்லைக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.

புறப்படும் நாளின் காலையில் செய்ய வேண்டியது சிறிதுதான். வெள்ளைக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள், துணியின் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள், தாங்கியின் கயிறு பிணைந்த இடம் நழுவவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அச்சுக்காகிதத்தின்படி வெட்டிய துணி இரண்டையும், ஆல்கஹால் நனைத்த துடைப்புத்தாள் ஒன்றையும், தாங்கிக்குப் பொருந்தும் ஆலன் சாவியையும் சிறு உறையில் இட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் துணி உரிந்துபோனால், பழையதன் மேலேயே புதியதை ஒட்டாமல் அடியிலுள்ள பசையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்; இரட்டைத் தடிமன் அம்பின் உயரத்தை மாற்றிவிடும்.